கைகளை எங்கே வைத்துக்கொள்வது

ஜூன் 9, திங்கள்

ராசிபுரத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்று மாதம் சோதனைக் காலம். அது முடியும்வரை ஒருங்கிணைப்பாளர்கள் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று பெங்களூரு அலுவலகத்திலிருந்து ரெபேக்கா மேடம் சொல்லியிருக்கிறார். "அறிக்கையில எழுத முடியாததை இதுல எழுதுங்க தமயந்தி. நாங்க வாங்கிப் படிக்க மாட்டோம்." யாரும் படிக்காததை எதற்கு எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் என் மேலாளர்.

எங்கள் அமைப்பின் பெயர் உலகத் தோழமைச் சேவை. ஒரு நாட்டில் வேலை தெரிந்தவர்களை இன்னொரு நாட்டுக்குத் தன்னார்வலர்களாக அனுப்புகிறோம். நாங்களாக எங்கும் போய் இறங்குவதில்லை. உள்ளூரில் ஒரு சங்கமோ பள்ளியோ கேட்க வேண்டும். என்ன வேலை, எப்படிப்பட்ட ஆள் என்பதையும் அவர்களே சொல்ல வேண்டும். அப்படிக் கேட்பவர்களுக்குப் பங்காளர் என்று பெயர். இந்தச் சொல்லைத் தெய்வானை அம்மாவிடம் சொன்னதும், மாவு படிந்த அவர் புருவம் மேலே போனது.

"பங்காளிங்களா? எங்க ஊருல பங்காளின்னா வரப்புக்காகக் கோர்ட்டுல நிக்கறவனுங்க."

தெய்வானை அம்மா காது கேளாதோர் பெற்றோர் சங்கத்தின் தலைவி. சொந்தமாக மாவு மில் வைத்திருக்கிறார். மில்லுக்கு மேல் மாடியில் ஒரு கூடம், எட்டு கணினிகள், காது கேளாத பதினான்கு இளைஞர்கள். கணினி சொல்லித்தர ஆள் கேட்டிருந்தார். எங்களுக்குக் கிடைத்த பொருத்தமான ஆள் கென்யாவிலிருந்து அகின்யி. முப்பத்து மூன்று வயது, கணினி ஆசிரியர். அவருக்கும் காது கேட்காது.

"காது கேக்காதவங்களே டீச்சருங்களா? அப்ப நல்லாப் பேசுவாங்க, அல்லீங்களா?"

"பேச்சு கொஞ்சம்தாங்க. சைகை மொழிதான் அதிகம்."

"அது வேண்டாமுங்க. வகுப்புல கை பாஷை கூடாது. அதை எழுதிக்கங்க."

மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். மேகலா, வயது இருபத்தொன்று. "வா...ங்...க" என்றாள். ஒவ்வொரு எழுத்தையும் கிணற்றிலிருந்து இறைப்பது போல இருந்தது. தினமும் மகளின் உள்ளங்கையைத் தன் தொண்டையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தாராம். "அம்மாங்கறதுக்கு ரெண்டு வருசமாச்சுங்க. கையை ஆட்ட உட்டா வாய் மூடிக்கும்."

பங்காளரின் விருப்பமே முதலில் என்பது எங்கள் முதல் விதி. எழுதிக்கொண்டேன். மேகலா என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வடைத் துணுக்கு ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று வாயைத் துடைத்துக்கொண்டேன்.

ஜூன் 12, வியாழன்

அகின்யி பெங்களூரில் அறிமுகப் பயிற்சியில் இருக்கிறார். சங்கத்தின் நிபந்தனையை அவருக்கு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். "வகுப்பில் என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது?" என்று ஒரே வரியில் பதில். அது கோபமா, சந்தேகமா, கேலியா என்று தெரியவில்லை. சற்று நேரம் கழித்து இன்னொரு வரி: "வந்து பார்க்கிறேன்."

ஜூன் 14, சனி

சேலம் ஜங்ஷனில் இறக்கி அழைத்து வந்தேன். என்னைவிட ஒரு சாண் உயரம். மஞ்சள் சட்டை. ஒரு பெட்டி, ஒரு கணினிப் பை. ரயில் பெட்டியில் ஏழு பேர் தன்னுடன் படம் எடுத்துக்கொண்டதாகக் கைப்பேசியில் எழுதிக் காட்டினார்.

தங்குவதற்கு ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டில் அறை பேசி வைத்திருந்தோம். அவர் வாசலில் நின்று அகின்யியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தண்ணீர் மோட்டார் ரிப்பேர் என்றார். நேற்று சாயங்காலம்வரை ஓடிய மோட்டார்.

என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். ஒரு வாரத்துக்கு மட்டும். காவல் துறைக்குத் தர வேண்டிய தங்குமிடத் தகவலிலும் என் முகவரியே போகிறது. மாற்றிக்கொள்ளலாம்.

ஜூன் 17, செவ்வாய்

வீட்டில் ஆள் இருந்து எனக்குப் பழக்கமில்லை. பதினொரு வருடமாயிற்று. அகின்யி பாத்திரங்களை வைக்கும் சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். சமையலறையிலிருந்து கூப்பிட முடியாது. ஒவ்வொன்றுக்கும் எழுந்து போய்த் தோளைத் தொட வேண்டும். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் அவர் தரையில் காலால் தட்டுகிறார். நான் என்ன மாடா?

தலையணை ஒன்று வாங்கினேன். ஒரு வாரத்துக்குத்தான் என்று, கடைக்காரர் கேட்காமலே சொன்னேன்.

ஜூன் 23, திங்கள்

வகுப்பைப் பார்க்கப் போனேன். அகின்யி இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பலகையில் எழுதுகிறார், திரையில் செய்து காட்டுகிறார், மறுபடி கைகள் பின்னால் போய்விடுகின்றன. பதினான்கு பேரும் பலகையைப் பார்க்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

தெய்வானை அம்மாவுக்குத் திருப்தி. "ஒழுக்கமான பொண்ணுங்க அக்கினி," என்றார். பெயர் அகின்யி என்று திருத்தினேன். "அதான் சொல்றேன், அக்கினி."

ஜூன் 29, ஞாயிறு

மீன் மார்க்கெட்டில் அகின்யி ஒரு கூடையின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். ஜிலேபிக் கெண்டை. தன் ஊர் ஏரியில் இதே மீன்தானாம். கிசுமுவில் பிறந்தவர்கள் இதை முழுதாகப் பொரித்துத் தலையைக் கடைசியில் சாப்பிடுவார்களாம். மீன்காரம்மாவிடம் நான் இதைச் சொன்னதும், "உங்கூர் மீனா கண்ணு? அப்ப நீயே எடுத்துக்க," என்று ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டார்.

நான் மீன் சாப்பிடுவதை நிறுத்தி நாளாயிற்று. தனியாக ஒருத்திக்கு யார் கழுவி, அரிந்து... இன்று இரண்டு சாப்பிட்டேன். தலை உட்பட.

ஜூலை 11, வெள்ளி

மில்லுக்குப் போயிருந்தேன். தேநீர் வேளை. வகுப்பில் யாரும் இல்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எல்லோரும் வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் அகின்யி.

அவள் நாட்டுச் சைகை வேறு, நம் ஊர்ச் சைகை வேறு. ஆனாலும் பரிமாறிக்கொள்ள அவர்களுக்கு அதிக நாள் பிடிக்காது என்று பயிற்சியில் கேட்டிருக்கிறேன். மேகலா சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பை அதற்குமுன் நான் கேட்டதில்லை. கரகரவென்று, பெரிதாக, யாரும் அடக்கச் சொல்லித்தராத சிரிப்பு.

என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வெயிலில் கண் கூசியது. மாத அறிக்கையில் "தேநீர் இடைவேளை முறையாக விடப்படுகிறது" என்று எழுதினேன்.

ஜூலை 24, வியாழன்

தெய்வானை அம்மா பார்த்துவிட்டார்.

ஆடி அமாவாசை என்று மில்லைச் சீக்கிரம் மூடிவிட்டு, வடகம் எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருக்கிறார். எனக்குப் போன் வந்தது. ஓடினேன். மேகலா ஒரு மூலையில் இரு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அகின்யி நிமிர்ந்து நின்றிருந்தாள்.

"இதுக்குத்தானுங்க ஒப்பந்தம் போட்டீங்க? என்ற புள்ள நாலு பேரு மத்தியில பேச்சுக்காரியா நிக்கோணும்னு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா? பஸ்ஸுல கையை ஆட்டுனா எல்லாரும் எப்படிப் பார்ப்பாங்கன்னு தெரியுமா? இந்தப் பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருங்க."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அழுதுகொண்டே சொன்னார். நிபந்தனையை மீறியதும் நாங்கள்தான்.

பெங்களூருக்குச் சொன்னேன். ரெபேக்கா மேடம் நிபந்தனையை ஒருமுறை படிக்கச் சொன்னார். பிறகு, "பங்காளர் வேண்டாம்னா மாத்தித்தான் ஆகணும் தமயந்தி. ஒடிசாவுல ஒரு பள்ளி ஆள் கேட்டிருக்கு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரேன், மறுஆய்வுக் கூட்டத்தை அன்னைக்கே வெச்சிடலாம்," என்றார்.

நல்லதுதான். ஒடிசாவில் மீன் நன்றாகக் கிடைக்கும்.

ஜூலை 25, வெள்ளி

அகின்யி பெட்டியை எடுத்து வைத்திருந்தாள். ஆனால் எதையும் அடுக்கவில்லை. சாப்பிடும்போது கைப்பேசியை என் பக்கம் நகர்த்தினாள்.

"உங்கள் ஒப்பந்தத்தில் பங்காளர் யார்?"

சங்கம் என்று எழுதினேன்.

"சங்கத்தில் யார் இருக்கிறார்கள்?"

பெற்றோர்கள்.

"அவர்களில் காது கேளாதவர்கள் எத்தனை பேர்?"

ரசம் ஊற்றிக்கொண்டேன். ஏற்கெனவே ஊற்றியிருந்ததால் இலையைத் தாண்டி ஓடியது. அவளே துடைத்தாள். துடைத்துவிட்டு இன்னொன்றும் எழுதினாள்: "தெய்வானை நல்ல அம்மா. என் அம்மாவும் இப்படித்தான் என்னைப் பேச வைக்கப் பார்த்தாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை."

சாப்பிட்டு முடித்ததும் பெங்களூருக்குப் போன் செய்தேன். கூட்டத்தில் அந்தப் பதினான்கு பேரும் இருக்க வேண்டும் என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டதுபோல. "கத்தாதீங்க, எனக்குக் காது கேக்குது," என்றார் ரெபேக்கா மேடம். அதன்பின், "பயனாளிகளையும் கேக்கணும்னு நம்ம விதியிலயே இருக்கு. நாமதான் கேக்கறதில்ல," என்றார்.

தெய்வானை அம்மாவிடமும் அனுமதி வாங்கினேன். "வரட்டும். அவிங்க என்னத்தைச் சொல்லப் போறாங்க?" என்றார். களைத்துப்போன குரல்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் மில்லை நிறுத்தியிருந்தார்கள். மாடிக் கூடத்தில் ஒரு பக்கம் பெற்றோர், எதிர்ப் பக்கம் பிள்ளைகள். அகின்யி பிள்ளைகள் பக்கம் நின்றாள். நான் நடுவில். அவர்கள் சைகையில் சொல்வதை அகின்யி ஆங்கிலத்தில் தட்டி எனக்கு அனுப்ப வேண்டும். நான் தமிழில் படிக்க வேண்டும். திரும்பி வரும் பதிலும் அதே வழியில் போக வேண்டும். வேறு ஏற்பாடு இல்லை.

ரெபேக்கா மேடம் எழுந்தார். "சங்கம் சொன்னா நாங்க ஆளை மாத்தித் தருவோம். அதுல பேச்சே இல்ல. அதுக்கு முன்னால இவங்க கிட்ட ஒரு கேள்வி." பலகையில் எழுதினார்: இங்கே உங்களுக்கு என்ன வேண்டும்?

ஒரு பையன் பிரிண்டர் வேண்டும் என்றான். இன்னொருவன் ஓசூரில் வேலை வேண்டும், ஆனால் இரவு ஷிப்டு வேண்டாம் என்றான். பெற்றோர் சிரித்தார்கள். தன் மகன் நகைச்சுவையாகப் பேசுவான் என்று ஓர் அப்பாவுக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்தவரிடம், "நம்ம பையனுங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிறகு மேகலா எழுந்தாள். மேடத்தைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்து நின்றாள். கைகள் முதலில் தயங்கின. அப்புறம் வேகமெடுத்தன. அகின்யி இரண்டு முறை நிறுத்தி மறுபடி சொல்லச் சொன்னாள். முகம் குழம்பியிருந்தது. தட்டி அனுப்பினாள். நான் உரக்கப் படித்தேன்.

"எனக்கு இது சரியாகப் புரியவில்லை. அவள் சொன்னபடியே தருகிறேன். அப்பா வேலைக்குப் போனபோது நான் 'போ' என்று மட்டும் சொன்னேன். 'வா' என்று சொல்லவில்லை. அதனால் அப்பா திரும்பி வரவில்லை. அம்மா, உனக்கு என்மேல் இன்னும் கோபமா?"

படித்து முடித்த பிறகுதான் எனக்கே விளங்கியது. அகின்யிக்கு விளங்காததில் ஆச்சரியமில்லை. போகிறவரிடம் போ என்று சொல்லக்கூடாது, போய்விட்டு வா என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அவள் ஊரில் எப்படித் தெரியும்?

தெய்வானை அம்மா, "என்னங்க? மறுக்காப் படிங்க," என்றார். படித்தேன். அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போயிட்டு வாங்கன்னு சொல்லிக் குடுத்திருந்தேன். அன்னைக்கு அவளுக்குப் 'போங்க' மட்டுந்தான் வந்துச்சு. வண்டி ஏறறப்ப அபசகுனமாச் சொல்றியேன்னு முதுகுல ஒண்ணு வெச்சேன். ஒம்பது வயசு." மகளைப் பார்த்தார். "அவரு லாரி ஓட்டுனாருங்க. நாகப்பூர்ல டீக்கடை பெஞ்சுல உக்காந்தவரு எந்திரிக்கல. நெஞ்சு வலி. புள்ள பயந்துக்கும்னு அவளைத் தங்கச்சி ஊட்டுக்கு அனுப்பிட்டுக் காரியத்தை முடிச்சேன். அப்பா எங்கன்னு கேட்டா. மேல கையைக் காமிச்சேன். மேல காமிச்சாப் புரியும்னு..."

ஓர் அப்பா தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இதைச் சொல்லுங்க அவகிட்ட," என்றார் என்னிடம். உடனே என்னைத் தாண்டிப் பார்த்தார். "அக்கினி, நீ சொல்லு சாமி. உன்ற கையில சொல்லு."

நான் தட்டினேன். அகின்யியின் கைகள் மெதுவாக அசைந்தன. மேகலா கண் இமைக்காமல் பார்த்தாள். பிறகு கேள்விகள் வந்தன, ஒன்றன்பின் ஒன்றாக. வலித்ததா? கூட யார் இருந்தார்கள்? என்னை ஏன் சித்தி வீட்டுக்கு அனுப்பினாய்? அப்பாவின் பச்சைத் துண்டு எங்கே? தெய்வானை அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். வலிச்சிருக்காது கண்ணு, சட்டுனு போயிட்டாரு. கிளீனர் பையன் கூட இருந்தான். நான் புத்தி கெட்டவ, அதான் அனுப்பினேன். துண்டு என்ற பெட்டியில இருக்குது.

கடைசியில் தெய்வானை அம்மாவே, "இன்னொண்ணு சொல்லோணும்," என்றார். முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கு இவ போங்கன்னதும் அவரு சிரிச்சாரு. 'எம்புள்ள எத்தனை மரியாதையாப் போங்கங்கறா பாரு, நீ ஒரு நாளாச்சும் எனக்கு அந்த மரியாதை குடுத்திருக்கியாடி'ன்னாரு. சிரிச்சுட்டேதான் வண்டி எடுத்தாரு."

இதை அகின்யிக்குப் புரிய வைப்பதற்குப் போவுக்கும் போங்கவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது. எழுத்துகள் தப்புத் தப்பாக விழுந்தன. கைப்பேசித் திரை நனைந்திருந்தது. கூடத்தில் நல்ல புழுக்கம், வியர்வைதான்.

அகின்யி புரிந்துகொண்டாள். சைகையில் சொன்னாள். மேகலா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்தக் கரகரத்த பெரிய சிரிப்பு வந்தது. சிரிப்பு நடுவழியில் அழுகையானது. தெய்வானை அம்மா எழுந்து போய் மகளைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேருக்கும் இடையில் மொழிபெயர்க்க எனக்கு ஒன்றும் இல்லை.

கூட்டத்தின் முடிவு என்ன என்று யாரும் கேட்கவில்லை. ரெபேக்கா மேடம் தன் காகிதங்களை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 2, சனி

ஒடிசாப் பள்ளிக்கு வேறு ஆள் பார்த்தாயிற்றாம். நான் கேட்கவேயில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. தெய்வானை அக்கா தேங்காய்ச் சாதமும் புளிச்சாதமும் எடுத்துக்கொண்டு வந்தார். அகின்யிக்குத் தன் கையாலேயே பரிமாறினார். புளிச்சாதத்தைத்தான் அவள் மூன்று முறை வாங்கிக்கொண்டாள்.

"இதை எனக்குச் சொல்ல ஒரு பொண்ணு கடல் தாண்டி வரோணுமா அம்மிணி?" என்று என்னிடம் கேட்டார். இதுவரை மேடம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஊறுகாயை எடுத்து வைத்தேன்.

"எனக்கும் சொல்லிக் குடுக்கச் சொல்லு. மூட்டை தூக்குன கை. இந்த வயசுல மடங்குமான்னு தெரியல."

அகின்யி அவர் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தாள். பிறகு கைப்பேசியில் எழுதினாள்: "நல்ல கை. பேச்சை நிறுத்தச் சொல்லாதீர்கள். மேகலாவுக்கு அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்." படித்துச் சொன்னதும் அக்கா தலை குனிந்துகொண்டார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பெற்றோர் வகுப்பு. வாரம் இரண்டு நாள். ஒன்பது பேர் வருகிறார்கள், நானும். தெய்வானை அக்கா "சாப்பிட்டாயா" என்று கேட்க நினைத்து வேறு எதையோ கேட்டுவிட்டார். பிள்ளைகள் தரையில் உருண்டு சிரித்தார்கள். என்ன கேட்டார் என்று அகின்யி எனக்கும் சொல்ல மறுத்துவிட்டாள்.

செப்டம்பர் 8, திங்கள்

சோதனைக் காலம் முடிந்து புது ஒப்பந்தம். இந்த முறை மூன்று தரப்பு: எங்கள் அமைப்பு, பெற்றோர் சங்கம், புதிதாகத் தொடங்கிய காது கேளாத இளைஞர் மன்றம். அதன் செயலாளர் மேகலா. கை பாஷை நிபந்தனையைத் தெய்வானை அக்காவே பேனாவை வாங்கி அடித்தார். காகிதம் கிழிந்துவிட்டது, வேறு அச்செடுக்க வேண்டியிருந்தது.

அகின்யிக்கு இரண்டு வருடம். தங்குமிடம் என்ற பகுதி வந்தபோது, மில்லுக்குப் பக்கத்திலேயே நல்ல அறை ஒன்று பார்த்திருப்பதாகச் சங்கத்தில் சொன்னார்கள். அகின்யி அதில் "இப்போதைய முகவரியே" என்று எழுதினாள்.

அந்த அறை வசதியாக இருக்குமே என்று ஒருமுறை எழுதிக் காட்டினேன். இரண்டாம் முறை எழுதவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையிலேயே தெய்வானை அக்கா வந்துவிட்டார். பின்னாலேயே மேகலா. இரண்டு பேரும் வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். பஸ்ஸில், எல்லோரும் பார்க்க.

"நீயே கேளு அம்மிணி. முந்தியெல்லாம் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவா. இப்பக் கையை ஆட்டறா. ஒண்ணு சொன்னா ஒம்பது சொல்றா."

என்ன விஷயம் என்றேன். எங்கள் அமைப்பு வெளிநாட்டிலிருந்து ஆளைக் கூட்டி வருவது மட்டுமல்ல, இங்கிருந்தும் அனுப்புகிறது என்று அகின்யி வகுப்பில் சொல்லியிருக்கிறாள். பயிற்சியை முடித்ததும் மேகலா விண்ணப்பிக்கப் போகிறாளாம். கிசுமுவில் காது கேளாத பெண்களுக்கான தையல் கூடம் ஒன்று அமைப்புக்குப் பங்காளராக இருக்கிறது; கணினி சொல்லித்தர ஆள் கேட்கிறதாம். ஒரு வருடம்.

"பஸ்ஸுல தனியா ஆத்தூர் போனதில்ல இவ. ஆப்பிரிக்கா போறாளாம்!"

மேகலா என்னைப் பார்த்துக் கைகளால் ஏதோ சொன்னாள். முழுக்கப் புரியவில்லை. அம்மா, பயம் என்ற இரண்டு சொற்கள் புரிந்தன. தெய்வானை அக்காவுக்கு என்னைவிட அதிகமாகப் புரிந்துவிட்டது. "யாருக்குடி பயம்? எனக்கா?" என்று வாயாலும் கையாலும் சேர்த்துக் கேட்டார். மேகலா பதில் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார். தப்பும் தவறுமாக, விரல்கள் முட்டிக்கொண்டு. அகின்யி சுவரில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தாள். நான் காபி போடப் போனேன்.

திரும்பி வந்தபோது மேகலாவும் அகின்யியும் மொட்டை மாடிக்குப் போயிருந்தார்கள். அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். காபியை வாங்கி ஆற்றினார். நெடுநேரம் ஆற்றினார்.

"அம்மிணி. அக்கினி ஊருல அரிசி கிடைக்குமா?"

"கிடைக்கும்க்கா. அங்கயும் அரிசி சாப்பிடறாங்க."

ஒரு வாய் குடித்தார். மாடிப்படியைப் பார்த்தார்.

"புழுங்கலா, பச்சையா?"